ஒற்றைப் பனைமரத்துக்கு அப்பால் ஒரு வீடு

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு நிக்காஹ் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிடுவோம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் என் சின்னத் தங்கைக்கு நிக்காஹ் முடிந்தது. மூத்தவளுக்கு ஒரு வீடு ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்ததும் போனது.

கொழும்புத் தோணிகளில் ஓடிச் சம்பாதித்து வாப்பா கட்டிய வீடு அது. அதன் பின்புறச் சாய்ப்பில் பாய் விரித்துப் படுத்தார். மச்சான் நல்லவர், ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் மாப்பிள்ளை உறங்குகிறாரே என்று வாப்பா இருமலை அடக்கிக்கொள்வார். சத்தமாக இருமியிருந்தால் என் மனம் அவ்வளவு நொந்திருக்காது.

அவர் கேட்டது கொஞ்சம்தான். "கடல்ல ஓடுனது போதும் தம்பி. ஒரு முருங்கக் கொம்ப ஊன்ற அளவுக்கு மண்ணும், உம்மாவுக்கு ஒரு அடுப்படியும் இருந்தாப் போதும்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாத்தியார் வேலை. அதனால் தேடும் பொறுப்பும் என் தலையில்தான். விடுமுறை நாளெல்லாம் நடந்தேன். ஊரை ஒட்டிய இடம் எங்கள் கைக்கு எட்டவில்லை. திருவேட்டக்குடிப் பக்கம் ஒரு கொல்லை மலிவாக வந்தது. மழைக்காலத்தில் குடித்தபோது இனித்த கிணறு, சித்திரையில் உப்புக் கரித்தது. வீட்டுக்குத் திரும்பினால் உம்மா என் முகத்தைப் பார்ப்பார். சோறு போடுவார். எனக்குத் துஆ கேட்கக்கூட அலுத்துவிட்டது.

ஒரு நாள் அம்பகரத்தூருக்கு அப்பால் தரகர் சொன்ன இடத்தைப் பார்க்கப் போனேன். அது முந்தின வாரமே விலை போயிருந்தது. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வாய்க்காலில் கைகால் முகம் கழுவி ஒளு செய்து, கரையில் துண்டை விரித்தேன். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தவனுக்கு எழுந்திருக்க மனமில்லை. "ரப்பே, என் கால் ஓய்ந்துவிட்டது. இனி நீயே காட்டு" என்று மட்டும் கேட்டேன்.

தொழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். நேர் எதிரே, நான் நோக்கித் தொழுத கிப்லாத் திசையில், வாய்க்காலுக்கு அக்கரையில் ஓர் ஓட்டு வீடு. அதன் முன்னே நின்ற குடியானவர் நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார் போல. "யாரைத் தேடுறீங்க பாய்?" என்றார். சொன்னேன். அவருக்கும் அந்த வீட்டை விற்க வேண்டியிருந்தது. வழி என்பது குறுக்கே கிடந்த ஒற்றைப் பனைமரம்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தே திரும்பிவிட்டார்களாம். அதனால் விலை இறங்கியிருந்தது. நான் அதில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்துதான் அக்கரை போனேன். கிணற்றுத் தண்ணீர் இனித்தது. அதுவும் கோடையில்.

மறுவாரம் வாப்பாவை அழைத்துப் போனேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல் நடந்தார். நடுவில் நின்று ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். "தோணிப் பலகைக்கு இது எவ்வளவோ மேலு" என்றார்.

குடியானவர் சிரித்துவிட்டார். "என் பொண்ணைப் பாக்க வந்த மாப்பிள்ளையே இதுல தவழ்ந்துதான் வந்தாரு, பாய்."

அவர் எழுதிக் கொடுத்த விலை எங்களால் முடிந்த விலை.

உம்மாதான் கால் வைக்க மறுத்தார். "நீங்க கப்பல்காரரு. நான் எந்தக் கப்பல்ல ஏறினேன்?" வாப்பா இன்னும் இரண்டு மரம் போட்டு, பக்கத்தில் கயிறும் கட்டினார். உம்மா இன்றும் பிஸ்மி சொல்லித்தான் கடக்கிறார்.

என் அலுப்பு முழுதும் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடமும் பஸ்ஸுமாக நாள் ஓடுகிறது. நாளை நானும் ஒரு பெண்வீட்டுக்குக் குடிபோகிறவன்தான். ஆனால் ஒரு வக்துத் தொழுகையைக்கூட இப்போது வெறும் கடமைக்காகத் தொழுவதில்லை. தேடித் தேடி ஓய்ந்துபோன சகோதரர்களே, தெம்பு வரட்டும், பிறகு கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஓய்ந்து விழுந்த இடத்திலேயே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.

போன வாரம் அக்கரை வீட்டில் தங்கினேன். முருங்கை பூத்திருக்கிறது. விடியற்காலையில் வாப்பா இருமினார். வீடு முழுக்கக் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ்.