டிசம்பர் பூவுக்கு முறைத்தண்ணீர்

மார்க்கையன்கோட்டைத் தங்கப்பாண்டியனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்பது ஊரார் கருத்து. அவருடைய கருத்தும் அதுவே. முப்பத்தொரு வருடம் கால்வாய் லஸ்கராக இருந்தவர். மதகைத் திறப்பது, அடைப்பது, எந்த மடைக்கு எந்த நாள் முறை என்று சொல்வது, சொன்னதற்காகத் திட்டு வாங்குவது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். தண்ணீரைத் திறந்தால் ஊரில் இரண்டு கட்சி உண்டாகும். அடைத்தால் இரண்டும் ஒன்றுசேர்ந்து அவரைத் தேடி வரும். அந்த வகையில் ஊர் ஒற்றுமைக்கு அவர் செய்த தொண்டு கொஞ்சமில்லை.

கடைசிப் பதினோரு வருடம் லோயர் கேம்ப் அரசுக் குடியிருப்பில் இருந்தார். ஓய்வு பெற்றுச் சொந்த வீட்டுக்கு வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றிய ஏழு டிசம்பர் பூக் குச்சிகளும் சாமான்களோடு வந்தன. அங்கே பின்வாசலில் அந்தச் செடி கார்த்திகை, மார்கழி முழுக்க ஊதா ஊதாவாகப் பூத்துக் கொட்டும். பூ சூடுகிற ஆளும் இல்லை, சாமி கும்பிடுகிற ஆளும் இல்லை, உமக்கு எதற்கு இந்தச் செடி என்று கேட்டால், "மத்த பூவெல்லாம் ஓஞ்ச பெறகு இது பூக்குதுல்ல" என்பார். ஓய்வு பெற்றவர் வாயில் வருவதால் இதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று சிலர் நினைத்தார்கள். அவர் நினைக்கவில்லை.

நடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது வீட்டின் வடபுறச் சந்து. ஒரு பக்கம் சொந்தச் சுவர், மறுபக்கம் அடுத்த வீட்டு மாடிச் சுவர், நடுவே மூன்றடி. காலையில் ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சுவரோரம் பாசி. கத்தரியும் வெண்டையும் வைத்து, இரண்டும் வெயில் தேடி நெட்டையாக வளர்ந்து சாய்ந்து போன இடம். டிசம்பர் பூவுக்கோ அந்த அரை நிழலும் குளிர்ச்சியும் போதும். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டுகள் அடியில் கிடந்ததால் தண்ணீர் தேங்காது. மேலே மாட்டெருவும் மக்கிய மாவிலையும் பரப்பியதால் ஈரமும் சீக்கிரம் போகாது. குறை ஒன்றுதான். மாடியின் சன்ஷேடு நீட்டிக்கொண்டிருந்ததால் ஊரே நனைகிற ஐப்பசி மழையில்கூட அங்கே ஒரு துளி விழாது. ஊற்றினால்தான் தண்ணீர். தங்கப்பாண்டியன் இதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முழுக் கட்டுப்பாடும் தம் கையில் இருக்கிற பாசனம் அவருக்கு வாழ்க்கையில் அப்போதுதான் வாய்த்தது.

அதே சந்தின்மேல் அவர் மனைவி மலையம்மாளுக்கும் ஒரு கண் இருந்தது. வாஷிங் மெஷின் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் நின்றது. வருகிற விருந்தாளிகள் அதன்மேல் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். சந்துக்குச் சிமெண்டுத் தரை போட்டு மெஷினை அங்கே தள்ளிவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

முதல் வருடம் செடி எருமைக்கன்று மாதிரி கொழுத்தது; பூக்கவில்லை. இரண்டாம் வருடம் மொட்டு வைத்தது. வைத்த மொட்டெல்லாம் பழுத்து உதிர்ந்தது. மலையம்மாள் கெடு வைத்தார்.

"இந்த வருசக் கார்த்திகை முடியிற வரைக்கும் பொறுக்குறேன். பூத்தா சந்து ஒங்களுக்கு. பூக்கலேன்னா மார்கழி பொறக்குமுன்ன கொத்தனார் வந்துருவாரு. அப்பறம் மாசம் பொறந்துருச்சு, வேலை தொடங்கக் கூடாதுன்னு சொல்லித் தப்பிக்கக் கூடாது."

"பூக்கும்."

"இதத்தேன் போன வருசமும் சொன்னீக."

பூக்காததற்குக் காரணம் தங்கப்பாண்டியனின் ஒழுங்கு. ஜூன் மாதம் அணையில் தண்ணீர் திறக்கிற வாரத்தில்தான் சந்துக்கும் தண்ணீர் திறப்பார். மூன்று நாள் உண்டு, மூன்று நாள் இல்லை என்று முறை. புரட்டாசி கடைசியில் முழுக்க அடைத்துவிடுவார். நெல் முற்றுகிற நேரத்தில் வயலில் தண்ணீர் நின்றால் பயிர் சாயும், அறுவடைக்கு நிலம் காய வேண்டும் என்பது இந்தப் பக்கம் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பூப் பறிப்பதும் ஓர் அறுவடைதானே என்பது அவர் கணக்கு. நெல் அறுபடுகிற மாதத்தில்தான் இந்தச் செடி மொட்டு வைக்கவே ஆரம்பிக்கும் என்பதை அவர் கவனிக்கவில்லை. சரியாகத் தாகம் எடுக்கிற நேரத்தில் மதகு மூடிக்கொண்டது. மொட்டு உதிர்ந்ததற்கு, போதுமான அளவு காயவிடவில்லை என்று அவர் காரணம் கண்டுபிடித்தார். மூன்றாம் வருடம் இன்னும் கடுமையாக அடைப்பது என்று முடிவு செய்தார்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணில் புரை முற்றிவிட்டது. தேனியில் அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் குனியக் கூடாது; ஒன்றரை மாதம் தூசி படக் கூடாது, வெளியே சுற்றக் கூடாது. கறுப்புக் கண்ணாடியோடு முன்னறையில் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். மதகுப் பொறுப்பு மலையம்மாளிடம் போனது.

"ஏ மலை, தண்ணியை அடைச்சிட்டியா?"

"அடைச்சாச்சு."

"ஐப்பசி முச்சூடும் ஒரு சொட்டுப் போகக் கூடாது."

"போகல, போகல. பேசாமப் படுங்க."

மலையம்மாள் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து, அங்கே கழுவின தண்ணீர் தேங்கி முருங்கை அழுகியதைப் பார்த்தவர். ஒரு செடியைக் கொல்ல வெட்ட வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றியே கொல்லலாம் என்பது அவர் அறிவு. சந்தில் அந்தச் செடியின் வேரை அழுகவைப்பது என்று தீர்மானித்தார். அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர், அது போதாதென்று குழாயில் பிடித்ததுமாகத் தினமும் மூன்று குடம். அடியில் செங்கல் துண்டு கிடப்பது அவருக்குத் தெரியாது. ஊற்றியது இறங்கிப் போனது; ஈரம் மட்டும் நின்றது. செடி பளபளவென்று ஆனது. சாவதற்கு முன் அப்படித்தான் இருக்கும் என்று அவர் பொறுமையாக ஊற்றினார்.

கார்த்திகை இரண்டாம் வாரம் தங்கப்பாண்டியன் எழுந்து சந்துக்குப் போனார். எங்கும் ஊதா. கொஞ்ச நாளைக்கு எல்லாம் நீலம் பூத்த மாதிரி தெரியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. கைலியைப் பார்த்தார். பச்சை பச்சையாகவே இருந்தது.

"ஏ மலை! இங்கன வா!"

"என்ன, பாம்பா?"

"பூவுடி!"

மலையம்மாள் வந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

அன்று மாலை சுயம்புலிங்கம் கண்ணை விசாரிக்க வந்தார். கடைமடை விவசாயி; லஸ்கரோடு பல வருடம் சண்டை போட்டுச் சிநேகமானவர். தென்னந்தோப்பு நிழலில் கால் ஏக்கர் டிசம்பர் பூப் போட்டிருந்தார். சந்தைப் பார்த்து அசந்துவிட்டார்.

"எப்படிய்யா மாப்ளே? என் தோப்புல இப்பத்தேன் மொட்டு முட்டுது."

"தண்ணியை அடைக்கணும். ஐப்பசி முழுக்கக் காயப் போட்டேன். சொட்டு விடல."

"அப்ப இன்னைக்கே வாய்க்காலை அடைச்சிரவா?"

"வீட்டுக்குப் போன ஒடனே அடை."

காபியோடு வந்த மலையம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பேசாமல் இருந்தால் கால் ஏக்கர் பூ கருகிவிடும். பேசினால் தாம் செய்தது தெரிந்துவிடும்.

"அண்ணே, அடைச்சிராதீக."

"ஏன்த்தா?"

"அவுகளுக்குத் தெரியாது. நாந்தேன் தெனம் மூணு கொடம் ஊத்துனேன்."

"எதுக்கு?" என்றார் தங்கப்பாண்டியன்.

"அழுகட்டும்னுதேன்."

சுயம்புலிங்கத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "ஊரெல்லாம் மதகை ஒடைச்சவனைத் தேடுனியே மாப்ளே, வீட்டுக்குள்ளயே ஒடைச்சிருக்காக பாரு!"

"யாரைக் கேட்டு ஊத்துன?"

"முப்பத்தொரு வருசமா ஊரையெல்லாம் இதத்தேன் கேட்டீக. யாராச்சும் பதில் சொன்னாகளா? லோயர் கேம்ப்புல பின்வாசக் கொழாய் வருசக்கணக்கா ஒழுகுச்சு. அங்கன செடி பூத்துச்சு. அந்த மதகை யாரு அடைச்சா?"

அந்தக் குழாயைப் பற்றி நான்கு முறை புகார் எழுதியவர் தங்கப்பாண்டியன். நல்லவேளையாக யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அவர் காபியை வாங்கிக் குடித்தார்.

சுயம்புலிங்கம் போனபிறகு மலையம்மாளே ஆரம்பித்தார். "பூத்தா சந்து ஒங்களுக்குன்னு சொன்னேன். பூத்துருச்சு. சொன்ன சொல்லு மாற மாட்டேன், கொத்தனாரை வர வேணாம்னு சொல்லிர்றேன். ஆனா நாளையிலயிருந்து தண்ணி ஊத்தப் போறதில்ல. ஒங்க சந்து, ஒங்க மொறை."

கிளைகளில் விரிந்ததைவிட விரியாத மொட்டுகள் அதிகம். முறையைக் கைவிட்டால் முப்பத்தொரு வருடம் பொய்யாகிவிடும். கைவிடாவிட்டால் மொட்டு உதிரும். தங்கப்பாண்டியன் இரவெல்லாம் புரண்டதாகத் தெரியவில்லை. காலையில் அடுப்படிக்குப் போய் நின்றார். அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்தில் இருந்தது.

அரசாங்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. கெடு முடிந்து மதகை அடைத்த பிறகும், நிற்கிற பயிர் வாடுகிறது என்றால் தனி உத்தரவு போட்டுத் தண்ணீர் விடுவார்கள். அதற்குச் சிறப்பு நனைப்பு என்று பெயர். விதி அப்படியே இருக்கும், தண்ணீரும் போகும்.

"சிறப்பு நனைப்பு" என்றார் தங்கப்பாண்டியன்.

"எத்தனை நாளைக்கு?"

"பூத்து முடியிற வரைக்கும்."

"குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. நகருங்க" என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மலையம்மாள் சந்துக்குப் போனார்.