பொன்னிக்கு வந்த வார்னிங்

மாமல்லபுரம் கடற்கரையில் விசில் ஊதி ஆட்களைக் கரையேற்றுவது பொன்னியின் வேலை. பாறைகள் முடியும் இடத்திலிருந்து ஐந்நூறு அடி அவளுடைய எல்லை. விடுமுறை நாளில் நானூறு பேரிடமாவது பேசுவாள்.

"தம்பி, அங்க பள்ளம் கீது, வெளிய வா. யம்மா, கொழந்தய எறக்காத."

பெரும்பாலும் பதில் வராது. சிலர் முறைப்பார்கள், சிலர் அவளையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மாலையில் வாடகை அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. டிவியை ஓடவிட்டுச் சாப்பிடுவாள்.

அவள் அச்சரப்பாக்கம் பக்கத்துக்காரி. மற்றவர் நிலத்தில் நட்டு, களையெடுத்து வளர்ந்த குடும்பம். கணவன் ஏசுபாதம் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் தினக்கூலியாக இருந்தான். பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, கழிவுத் தொட்டியில் அடைப்பு என்று அவனை இறங்கச் சொன்னார்கள். உள்ளே விஷவாயு இருக்கும் என்பது மேலே நின்ற நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அவனைப் பிணமாகத் தூக்கி மேலே போட்டபோது சட்டைப் பையில் பீடிக்கட்டு நனையாமல் இருந்ததாம்.

மகள் ஜெனிஃபர் மாணவியர் விடுதியில் தங்கிப் படித்து, வேலைக்குப் போய், இப்போது கணவனோடு ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் கடற்கரையில் கூட்டம் அதிகம் என்பதால் பாதி நாள் பொன்னியால் போனை எடுக்க முடியாது.

வேலையில் சேர்ந்தபோது இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். "நீங்க நீச்சல் வீரருங்க இல்ல. உங்க வேலை வார்ன் பண்றது, அவ்ளோதான்" என்றார் பயிற்சி கொடுத்தவர். அந்தச் சொல் பொன்னிக்குப் பிடித்திருந்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "வார்ன் பண்ற வேலை" என்றே சொல்வாள்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பிரவின்குமார் என்பவன் அலுவலக நண்பர்களோடு வந்தான். முப்பது வயதிருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றான். பொன்னி மூன்று முறை சொன்னாள்.

"கால நனைக்கிறோம் ஆன்ட்டி, விடுங்க" என்று சிரித்தான்.

நாலாவது முறை அவள் விசிலை வாயில் வைக்கும்போதே தண்ணீர் பின்வாங்குவது தெரிந்தது. அது திரும்பி வரும் வேகம் அவளுக்குத் தெரியும். புடவையோடு இறங்கினாள். காலரைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது, விடவில்லை. இருவரும் மணலில் விழுந்தபோது, அவன் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு அலை உடைந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"கைய வைக்க நீ யாரு?" என்று எழுந்து கத்தினான். நண்பர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரவின்குமார் வீடியோவோடு புகார் கொடுத்திருந்தான். புதன்கிழமை மேற்பார்வையாளர் கிருபாகரன் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முழுக்க ஆங்கிலம். பொன்னி அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"அம்மா, உன்ன வார்ன் பண்ணியிருக்காங்க."

"நான்தானேடி அவன வார்ன் பண்ணேன்?"

"இது வேறம்மா. இன்னொரு தடவ இப்படி நடந்தா வேலைய விட்டு எடுத்துருவோம்னு அர்த்தம். மூணு நாள்ல பதில் குடுக்கணும். சாரின்னு எழுதிக் குடுத்துடு."

"ஒரே வார்த்த எப்டிடி ரெண்டுமாவும்?"

"மீட்டிங்ல இருக்கேன்மா. அப்புறம் பேசறேன்."

அன்று மாலை பொன்னி போனில் அகராதியைத் திறந்து அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தாள். தமிழில் பொருள் வந்தது. வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே தெரிவி. ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று எடுத்துச் சொல். மீண்டும் செய்தால் தண்டனை என்று கண்டி. கூடவே 'ஆஃப்' சேர்த்தால், கிட்டே வராதே என்று விலக்கு. முதல் இரண்டும் அவள் தினமும் செய்வது. மூன்றாவது அவளுக்கு வந்திருப்பது. முதல் வரியை அவள் மறுபடி படித்தாள். தொட்டியைச் சுற்றி நின்ற நாலு பேரையும் அவளுக்குத் தெரியும். அதில் ஒருவர் அவள் கல்யாணத்துக்கு வந்தவர். போனை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஒரு தாளை எடுத்துத் தமிழில் எழுதினாள்.

"மூன்று முறை வார்ன் பண்ணினேன். நாலாவது முறை அதற்கு நேரம் இல்லை. சட்டை கிழிந்ததற்கு வருத்தப்படுகிறேன். இழுத்ததற்கு வருத்தப்படவில்லை. இப்படிக்கு, ஏ. பொன்னி."

கிருபாகரன் அதை இரண்டு தடவை படித்தார்.

"இன்னாம்மா இது? மன்னிப்புன்னு ஒரு வார்த்த கூட இல்லியே."

"அவன் செத்துப் போயிருந்தா இந்தப் பேப்பர் யாருக்கு சார் வந்திருக்கும்?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "எனக்குத் தெரியும்மா. மேல இருக்கறவங்களுக்கு எப்டிச் சொல்றது? ஒண்ணு பண்றேன். உன்ன வடக்கால போட்டுடறேன். அங்க கூட்டமும் இல்ல, பேஜாரும் இல்ல."

வேலை போகவில்லை. வார்னிங் அவள் கோப்பில் அப்படியே இருந்தது.

புது இடம் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம். படகுகள்கூட அங்கே கரையேறுவதில்லை. முதல் மூன்று நாள் அவள் விசில் ஊதவே இல்லை. தோப்பு ஓரத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் ஒரு புருஷன், பெண்டாட்டி, சின்னப் பெண் குழந்தை வந்தார்கள். கல்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறார்களாம். அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே பொன்னி ஓடிப்போய்ச் சொன்னாள்.

"இங்க எறங்காதீங்கம்மா. ஒரேடியா ஆழம்."

"அய்யோ, அப்படியா? நல்லவேளை சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண். உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவர்கள் காருக்குத் திரும்பினார்கள்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையே சொன்னதைக் கேட்டவர்கள் அவர்கள்தான். கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம் என்று பொன்னிக்குத் தோன்றியது. கார் அதற்குள் கிளம்பிவிட்டது.