பொன்முடியில் என் எடைக்கு அடித்த காற்று

2008 செப்டம்பர். தம்பானூர் பேருந்து நிலையத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பேருந்துகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்குத் தவம் கிடக்க வேண்டும். அதனால் விடிந்ததுமே ஏறிவிட்டோம், நானும் என் மனைவி உமாவும். உமாவுக்குச் சைக்கிள் வாங்கப் போகிறோம்.

எனக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். உமா வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மலைப்பாதைக்குச் சைக்கிளில் போகும் கூட்டம் ஒன்று உண்டு. இரவல் வண்டியில் அவளும் போய்வந்தாள். அதில் பின்பக்கம் அதிர்வைத் தாங்கும் ஷாக் கிடையாது. உருளைக்கல்லில் இறங்கி வந்தால் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். "ரெண்டு பக்கமும் ஷாக் உள்ள வண்டி கிடைச்சாத்தான் இனி போவேன். இல்லைன்னா இதோட விட்டுர்றேன்" என்றாள். அவள் லேசில் எதையும் விடுகிறவள் அல்ல. அந்தப் பேச்சுதான் என்னைக் கிளப்பியது.

நெடுமங்காடு தாண்டி ரப்பர்த் தோட்டங்கள். எட்டு மணி போல மலையடிவாரத்து விதுராவில் இறங்கினோம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய, சைக்கிள் விற்கும் ரெஜி என்பவர் அங்கே ஒரு பலசரக்குக் கடை முன்னால் ஜீப்போடு நின்றார். பின்னால், மலையில் ஓட்டிப் பார்த்து வாங்க இரண்டு சைக்கிள்கள். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். வாசவன். வாரந்தோறும் என்னிடம் மிளகாய் எடுக்கிறவர். அவர் காதில் ஒன்று விழுந்தால் மறுநாள் எங்கள் சந்தையான சாலைக் கம்போளம் முழுக்கப் பரவிவிடும்.

"அண்ணாச்சீ, ஆர்க்கா சைக்கிள்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான். டாக்டர் சொன்னாரு" என்றேன்.

பெண்டாட்டி மலையில் சைக்கிள் விடுகிறாள் என்று சொல்ல நா எழவில்லை. உமா பேருந்து போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லாறு பாலம் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். மேலே தேயிலைத் தோட்டத்துப் பாதை ஒன்றில் ரெஜி ஜீப்பை நிறுத்தினார். மழை நனைத்த சரளைக்கல், நடுநடுவே வேர், புல்லெல்லாம் அட்டை. இப்படிப்பட்ட வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பின் ஷாக்கில் காற்றுத்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் எடைக்கு அதை அளந்து அடிக்க வேண்டும். உயரத்தில் நானும் உமாவும் ஒன்றுதான். எடையில் அவளைப் போல ஒன்றரை மடங்கு நான். வாசவனிடம் நான் சொன்னதைக் கேட்டிருந்த ரெஜி என்னைத்தான் ஏற்றி உட்கார வைத்தார். சின்னப் பம்பால் திணறத் திணற அடித்தார். நானும் பெரிய வீரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பத்தடி போனதும் காலை ஊன்றிவிட்டேன். "முட்டு வலிக்குது. நீ ஒரு சுத்து போய்ப் பாரு" என்று உமாவிடம் நீட்டினேன். வண்டி அவளுக்கு என்று ரெஜியிடம் வாயைத் திறக்க அதுவே கடைசி நல்ல சமயம். திறக்கவில்லை.

உமா வளைவு வரை ஒழுங்காகத்தான் போனாள். அதற்கப்புறம் இறக்கம். கல்லில் பட்ட பின்சக்கரம் அமுங்காமல் துள்ளி அவளைத் தூக்கித் தேயிலைச் செடிக்குள் போட்டது. ஓடினோம். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அவள் அழவில்லை, வண்டியைத்தான் நிமிர்த்திப் பார்த்தாள்.

"இந்த ஷாக் ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்கு?" என்று ரெஜியைக் கேட்டாள்.

"அது சாரின்றெ வெயிட்டினு அடிச்சதல்லே? சேச்சிக்காணோ வண்டி?" வண்டி அக்காவுக்கா என்று கேட்டார் ரெஜி.

உமா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து காலில் அட்டை தேடினேன்.

"ஆமா, எனக்குத்தான்" என்றாள் அவள்.

ரெஜி அவள் எடைக்குக் காற்றை இறக்கினார். அவள் மறுபடி ஏறினாள். இந்த முறை பின்சக்கரம் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு போனது. பின் ஷாக் இல்லாத மற்ற வண்டியிலும் அதே இறக்கத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், அதுதான்" என்றாள். இடுப்பைப் பிடிக்காமல் நிமிர்ந்து நடந்து வந்தாள்.

பணம் கொடுத்தோம்; மறுநாள் ரெஜியே வண்டியை வீட்டில் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. திரும்பும்போது விதுராவில் பேருந்துக்காக நின்றோம். ஜீப்பில் சைக்கிளைப் பார்த்த வாசவன் கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"எடுத்தோ அண்ணாச்சீ? ஓடிச்சு நோக்கியோ?" என்று ஓட்டிப் பார்த்ததைப் பற்றியும் கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் உமா ஷாலை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள். "எடுத்தாச்சு. அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சிரித்தாள். வாசவன் என் முதுகில் தட்டிப் பாராட்டினார்.

பேருந்து நெடுமங்காடு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க சொன்னதை நான் மாத்திச் சொன்னா உங்களுக்குக் குறைச்சல்தானே. எனக்கு வண்டி கிடைச்சாச்சு."

ரத்தம் ஷாலில் ஊறித் தெரிந்தது. தம்பானூரில் இறங்கும்வரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.