நாலு கயிற்று லிப்ட்

லிப்ட் திருத்துகிறவனை யாரும் சிரித்த முகத்தோடு கூப்பிடுவதில்லை. இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. சண்டை முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்பி, கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு தேயிலைக் களஞ்சியத்தின் சாமான் லிப்டைப் பார்த்துவந்த காலத்தில் நடந்தவை இவை.

எதற்கு நாலு?

முதலாளி ஹாஜியாருக்கு அந்த லிப்டைக் கண்ணில் காட்டக்கூடாது. முன்பு அங்கே ஒரு கயிறு, ஒரு கப்பி, இழுக்க இரண்டு ஆள். அது அறுந்து ஒருவருக்குக் கால் முறிந்ததை அவர் சேர்த்துக்கொள்வதில்லை. இப்போது நாலு கம்பிக் கயிறு, பிரேக், கதவுக்கு ஒரு சுவிட்ச், வேகம் மிஞ்சினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க இரும்புத் தாடை. ஒன்று கைவிட்டால் மற்றது காக்கும் என்று விளக்கினேன். அவர் விரல்விட்டு எண்ணினார். கைத்தொழில்காரனை அங்கே ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சாமான் கூடக் கூட நோவும் கூடத்தானே, பாஸ்? கப்பிக்கு ஒருநாளும் காச்சல் வந்ததில்ல.”

மடித்த படம்

கதவு சரியாகச் சாத்தாவிட்டால் லிப்ட் அசையாது. அதற்காகவே அடிக்கடி ஆள் அனுப்புவார்கள். திடீரென்று இரண்டு வாரம் அழைப்பே இல்லை. சந்தேகப்பட்டுப் போனால், கதவு திறந்தபடியே லிப்ட் ஏறுகிறது! அதை ஓட்டும் சவிரிமுத்து, புனிதர் படமொன்றை நாலாக மடித்து, சுவிட்ச் எழும்பாதபடி செருகியிருந்தார். பிடுங்கிக் கையில் கொடுத்தேன்.

“அவர் இருக்கேக்க சுவிட்ச் எதுக்கு எண்டு நினைச்சனான், ஐயா.”

நடுவழியில்

படத்தை எடுத்ததும் லிப்ட் பழையபடி நின்றுநின்று போனது. ஹாஜியார் முடிவு கட்டிவிட்டார்: வெள்ளிக்கிழமையோடு லிப்டைக் கழற்றுவது, மறுபடி கப்பி. சவிரிமுத்துவுக்கு வேலை போகும், ஐந்து பிள்ளைக்காரர்.

வியாழன் காலை, தேயிலைப் பெட்டிகளோடு போன சவிரிமுத்துவுடன் ஹாஜியாரும் ஏறியிருக்கிறார். மூன்றாம் மாடியில் நிறுத்த, நிற்காமல் சறுக்கி, குலுங்கி, நடுவழியில் நின்றுவிட்டது. நான் போனபோது அவர் ஏச்சு தெருவரைக்கும் கேட்டது. எந்திர அறைக்கு ஏறினேன். பிரேக் கட்டை தேய்ந்து கருகிக் கிடந்தது. போன மாதமே மாற்றியிருக்க வேண்டியது. பிறகு பார்க்கலாம் என்று விட்டவன் நான். லிப்ட் விழத் தொடங்கியிருக்கிறது. இரும்புத் தாடை கவ்வியிருக்கிறது.

எந்திரத்தைக் கையால் சுழற்றி லிப்டை மேலேற்றி இருவரையும் வெளியே எடுத்தேன். அவர்களுக்குக் கீறல்கூட இல்லை. கருகிய கட்டையைக் காட்டி, பிழை என்னுடையது என்றேன். ஹாஜியார் அதைப் பார்த்தார். கீழே குழியை எட்டிப் பார்த்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்! இது நிக்காட்டி ரெண்டு பேரும் மௌத்து. சவிரி, அந்தக் கப்பிய வித்துப்போடு. பாஸ், நீங்க மொதல்ல கட்டைய மாத்துங்க.”

அதன்பிறகு, லிப்ட் ஒருதரமும் நிற்காத வாரங்களில்தான் ஹாஜியார் பயந்துபோய் எனக்கு ஆள் அனுப்பினார்.