கல் மறைந்த வரைபடம்

எங்கள் கரையின் வரைபடத்திலிருந்து தூண்டில் வளைவை அழித்தவன் நான். பழி இன்னொருவர் மேல் விழுந்தபோது பொய் சொன்னேன்.

கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றபின், வள்ளக்காரர் சங்கத்துக்காக ஒரு வலைப்பக்கம் செய்தோம். வெளியூர் வள்ளங்கள் கரை சேரும்போது, மூழ்கிய கற்கள் எங்கே என்று போனில் பார்த்துக்கொள்வதற்கு. கணினிக் கடை வைத்திருந்த பெண்மணி ஒருவர் எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவில் படத்தை வரைந்து பக்கத்தையும் எழுதினார். வண்ணம் என் பொறுப்பு.

கரையோரத்துக்கு, ஓரங்களை மங்கலாக்கும் பிளர் போட்டேன். தண்ணீர் மணலில் கரைவது போலவே இருந்தது. ஆசை விடவில்லை. கடலுக்குள் கிழக்கே நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவுக்கும் அதையே போட்டேன். அந்தப் பெண்மணி அதை உள்ளபடி சற்றுச் சாய்வாக வரைந்திருந்தார். கரும்பலகையில் படம் போட்டுப் பழகிய எனக்குக் கோணல் பொறுக்காது, மட்டமாக்கினேன். பிளர் ஓர் உருவத்தைச் சுற்றி ஒரு பெட்டி கட்டி அதற்குள்தான் வேலை செய்யும். பெட்டியின் அளவை உருவத்தின் அகல உயரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மட்டமான கோட்டுக்கு உயரமே கிடையாது. பெட்டி இல்லை, கோடும் இல்லாமல் போனது. கரையின் அழகையே பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்காமல் பதிவேற்றிவிட்டேன்.

வேம்பார் வள்ளம் ஒன்று படத்தை நம்பி வந்து கல்லில் உரசியது. ஆளுக்கு ஒன்றுமில்லை, அடிப்பகுதிதான் கிழிந்தது. சேதி வந்ததும் திறந்து பார்த்தேன், புரிந்துவிட்டது. பிளரை மட்டும் எடுத்தேன், கோடு மட்டமாகவே திரும்பி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சங்கக் கூட்டத்தில், கல்லை ஏன் போடவில்லை என்று படம் வரைந்த பெண்மணியைக் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "நான் போட்டேன் சார், நீங்களும் பாத்திய. எங்கன போச்சுன்னுதான் தெரியல" என்றார்.

"மறந்திருப்பீங்க" என்றேன்.

பக்கத்தை அவரிடமிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அதன்பின் அவர் என் தெருவழியே வருவதை நிறுத்திக்கொண்டார்.

மழைக்காலம் முழுக்க அது உறுத்தியது. முதலில் வேம்பார் பஸ் ஏறிப் போய் அந்த வள்ளக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நானே கூட்டம் கூட்டச் சொல்லி, எல்லார் முன்னாலும் திரையில் அந்த மட்டமான கோட்டுக்கு மறுபடி பிளர் போட்டுக் காட்டினேன். கல் மறைந்தது. செய்தவன் நான், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன்.

"படிச்ச மனுசன், கடல்ல கெடந்த கல்லையே காணாமப் பண்ணிட்டியளே" என்றார் தலைவர். சிரித்தார்கள். அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை.

பக்கம் அவர் கைக்குத் திரும்பியது. தான் பார்க்காமல் எதுவும் ஏறக்கூடாது என்று நிபந்தனை போட்டார். கல் மறையாமல் பிளர் போட வழி உண்டா என்று ஒருநாள் தயங்கிக் கேட்டேன்.

"இருக்கு சார். பெட்டிக்கு அளவ நாமளே குடுக்கலாம். ஆனா வேண்டாம். அழகு வேணும்னா தண்ணிக்குப் போடுங்க, கல்லு கல்லாவே கெடக்கட்டும்."

இப்போது கடலின் ஆழங்களுக்கு மட்டும் நீலத்தை மங்கலாகக் கலந்து அவருக்கு அனுப்புகிறேன். நிம்மதியான வேலை. முதன்முறை அனுப்பியது திரும்பி வந்தபோது என் நீலத்தை அவர் தொட்டிருக்கவில்லை. தூண்டில் வளைவை மட்டும் மறுபடி சாய்த்திருந்தார்.