இன்னும் வராதவர்கள்

ஸ்பேர் என்பதுதான் அவருக்கு ஊர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கடிதங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. பையில் ஸ்பேர் சாவி, அலுவலகத்தில் ஸ்பேர் சட்டை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு ஸ்பேர், அந்த ஸ்பேருக்கும் ஒரு ஸ்பேர். "கல்யாணத்துக்கு மட்டும்தான் இந்த மனுஷன் ஸ்பேர் பாக்கல" என்று யாராவது சீண்டினால், அவர் மனைவி சளைக்காமல் சொல்வாள்: "பாத்திருப்பாரு. நான் இடம் கொடுத்தாத்தானே!"

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக்கு வருகிறவர்கள் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டு அவருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

அவர் தொழில், சின்ன நிறுவனங்களுக்கு, கோப்புகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்தும் பேக்கப் சர்வர் வைத்துக் கொடுப்பது. பல் மருத்துவர், கூரியர் அலுவலகம், கட்டட வரைபடம் போடுகிறவர் என்று இருபது இடங்கள். வயது ஐம்பத்து நான்கு. வெகுநாள் முன்பு ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தபோது, ஆறு வருடத்துக் கோப்புகள் ஒரே காலையில் காணாமல் போயின. பேக்கப் இருந்தது. ஆனால் அதை யாரும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. திறந்தபோது உள்ளே வெறும் பெயர்கள்தான் இருந்தன. அன்றிலிருந்து அவர் எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பியதில்லை.

அந்தக் கண்தான் இப்போது காலை வாரிக்கொண்டிருந்தது.

ஏழு மாதமாக வலது கண்ணில் ஓரத்திலிருந்து ஓர் இருட்டு ஊர்ந்து வந்தது. ஒரு திருகை முடுக்கும்போது இடது கண்ணைத் தற்செயலாக மூடியபோதுதான் அவருக்கே தெரிந்தது. சுவரில் பாதியைக் காணோம். உடனே இடது கண்ணைத் திறந்தார். சுவர் திரும்பி வந்தது. அன்றோடு அந்தக் கண்ணை மூடுவதையே விட்டுவிட்டார்.

முதுகுவலி என்று சொல்லி ஸ்கூட்டரை விற்றார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் கண் மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டும். மருத்துவர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். தவிர, பார்வை போகிற ஆளிடம் யார் தங்கள் கோப்புகளைத் தூக்கிக் கொடுப்பார்கள்? இருபது இடங்களும் கையைவிட்டுப் போய்விடும்.

இந்த நிலைமையில்தான் கண் செய்கிற கடையிலிருந்து அழைப்பு வந்தது.

செயற்கைக் கண். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, இருக்கிற கண்ணைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று செய்து தருகிற கடை. அண்ணனும் தங்கையும் நடத்தினார்கள். அண்ணன் வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிப்பார். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் கருவிழியைத் தீட்டுவாள். வெள்ளை விழியில் சிவப்புப் பட்டு நூல் இழைகளை ரத்த நரம்புகளாக ஒட்டுவாள். அவளுக்கே ஐம்பத்தெட்டு வயதாகிறது. அண்ணன் இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்.

திங்கட்கிழமை காலை, பயிற்சிக் காரிலேயே மாஸ்டர் அவரை இறக்கிவிட்டாள். சர்வர் பெட்டியின் ஒரு பக்கத்தை அவளே பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கதவைத் தாண்டியதும் அண்ணன் ஒரு சிறிய கேமராவை நீட்டினார். "கொஞ்சம் இங்க பாருங்கம்மா." பளிச். "சார், நீங்களும்." பளிச்.

"எதுக்குங்க? எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு இருக்கே!" என்று மாஸ்டர் சிரித்தாள்.

"இருக்கும்போதே எடுத்து வெச்சுக்கறதும்மா. உங்க வீட்டுக்காரர் தொழில்தான் நாங்களும் பாக்கறோம்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் அதைக் கவனித்துவிட்டு ஒரு கதை சொன்னார். ஒருமுறை இரண்டு கண்ணும் போன ஒருவரை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தாளாம். என்ன நிறம் என்று கேட்டால் கருப்பு என்றாளாம். கருப்பில் நூறு கருப்பு இருக்கிறது. ஒரு புகைப்படம்கூடத் தெளிவாக இல்லை. பாப்பா ஊகித்துத்தான் செய்தாள். மாட்டிப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது யாரோ பாக்கற மாதிரி இருக்கு" என்றாளாம். அன்றிலிருந்து கதவைத் தாண்டுகிற யாரையும் அண்ணன் விடுவதில்லை. தபால்காரர், பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர், மின்கணக்கு எடுக்க வருகிறவர், எல்லோரும் பளிச்தான்.

பின்னறையில் பழைய கணினி இருந்தது. அதன் டிஸ்க் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல் டொக், டொக் என்றது. இன்னும் ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம். உள்ளே பதினோராயிரம் கண்கள். முகம் கிடையாது, புருவம் கிடையாது, திரை முழுவதும் ஒரே ஒரு கண். இரண்டு ஃபோல்டர்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்றின் பெயர் 'வந்தவர்கள்'. இன்னொன்று 'இன்னும் வராதவர்கள்'; சற்று முன் எடுத்த இரண்டு படங்களையும் அண்ணன் அதில்தான் ஏற்றினார்.

"பேரு யாருங்க வெச்சது?"

"பாப்பாதான். 'மற்றவர்கள்'னு வெச்சா யாருன்னு புரியாதாம்."

ஸ்பேர் வேலையைத் தொடங்கினார். முதலில் எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு ஒரு நகல் எடுத்தார். எந்தக் கோப்பை யார், எப்போது தொட்டார்கள் என்று ஒரு பதிவேடு தானாக எழுதிக்கொண்டே போகும்படி வைத்தார். பிறகு அவர் வழக்கப்படி சரிபார்ப்பு. இடது பக்கம் 'இன்னும் வராதவர்கள்', வலது பக்கம் 'வந்தவர்கள்', இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பழுப்பு, கருப்பு, தேன் நிறம், ஒரு குழந்தையுடைய நீலம் பாய்ந்த வெள்ளை. ஒரு மணி நேரத்தில் முதுகு சில்லிட்டுப்போனது. இதுவரை இருபது இடத்துக் கோப்புகளை அவர் பார்த்திருக்கிறார். கோப்புகள் அவரைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் பின்னறைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது.

"பக்கத்துப் பட்டறைக்காரர் சார். நேத்து சாயங்காலம் கண்ணாடி போடாம ஏதோ அறுத்திருக்காரு. இடது கண்ணு. இப்பத்தான் அவர் மச்சான் போன் பண்ணாரு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அவரோட படத்த அந்தப் பக்கம் மாத்தணும்."

தேடினார். 'இன்னும் வராதவர்கள்' ஃபோல்டரில் அது இல்லை. 'வந்தவர்கள்' ஃபோல்டரில் இருந்தது.

"பாப்பா! பட்டறைக்காரர் படத்த நீயே மாத்திட்டியா?"

"இல்லையே." தங்கை தூரிகையோடு கதவருகே வந்தாள். "எனக்கே நீ சொல்லித்தானே தெரியும்?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னறை ஜன்னலோரம், விழிகளைத் தேய்த்து மெருகேற்றும் அரவைச் சக்கரம் தானே சுழன்று நின்றது. டிஸ்க் டொக், டொக் என்றது.

"கம்ப்யூட்டர் தானா எதையும் நகர்த்தாதுங்க" என்றார் ஸ்பேர், தனக்கே தெம்பு சொல்வதுபோல. "யாரோ கை பட்டிருக்கும். எல்லாம் பதிவாகுது. வேலை முடியட்டும், யாருன்னு பாத்துச் சொல்றேன்."

"எங்க ரெண்டு பேரத் தவிர யாரு சார் இருக்கா?" என்றாள் தங்கை. டீக் கோப்பையை அவருக்கு வலது பக்கமாக நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து இடது பக்கம் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

புதன்கிழமை மதியம், அண்ணனும் தங்கையும் முன்னறையில் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர் பதிவேட்டைத் திறந்தார்.

'இன்னும் வராதவர்கள்' ஃபோல்டரிலிருந்து 'வந்தவர்கள்' ஃபோல்டருக்குப் போனவை மூன்று.

திங்கள், காலை 11.40. வெல்டிங் பட்டறைக்காரர்.

திங்கள், காலை 11.42. டிரைவிங் மாஸ்டர்.

செவ்வாய், மதியம் 12.05. பேக்கப் சார்.

மூன்றுக்கும் எதிரே, நகர்த்தியவர் என்ற இடத்தில் ஒரே பெயர். அவர் பெயர்.

ஏதோ தவறு என்று மறுபடி படித்தார். பிறகு, ஏழு மாதமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தார்.

வலது பக்கத்து ஃபோல்டரைக் காணோம். திரையின் அந்தப் பாதியில் வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது. சுட்டியை மெல்ல நகர்த்தினார். அம்புக்குறி நடுவரை வந்து, தண்ணீரில் கல் போட்டதுபோல் மறைந்தது.

ஆக, காரணம் விளங்கிவிட்டது. படங்களைப் புரட்டும்போது கை இழுத்திருக்கிறது. இடது கண் எட்டாத வலது ஓரத்தில், இழுத்தது போய் விழுந்த இடம் சரியாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். ஆவியும் இல்லை, பேயும் இல்லை.

காரணம் விளங்கியும் பயம் விலகவில்லை. முன்னூற்று நாற்பது பேர் இருந்த ஃபோல்டரிலிருந்து அவர் கை தெரியாமல் எடுத்தது மூன்றே மூன்று பேரை. ஒருவர், எடுத்த அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டார். இன்னொருவர் அவரே, ஏழு மாதமாக வந்துகொண்டிருக்கிறார். மூன்றாவது ஆள் இந்த நிமிடம் ஏதோ ஒரு தெருவில், பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்று படத்தையும் பழைய இடத்திலேயே எடுத்து வைத்துவிடலாம். பதிவேட்டிலிருந்து மூன்று வரியை அழித்துவிடலாம். அதை அழிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சுட்டி அந்த வரிமேல் போய் நின்றது. அழித்தால் கடைக்காரர்களுக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியாது, இருபது இடமும் அப்படியே இருக்கும். ஆனால் அடுத்த மாதம் பல் மருத்துவரிடம் யாருடைய கோப்பு எங்கே போய் விழும் என்று அவருக்கே தெரியாது.

"என்ன சார், முகத்துல ஈயாடல?" தங்கை கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் அண்ணன்.

ஸ்பேர் நாற்காலியை ஒதுக்கித் திரையைக் காட்டினார். "நகர்த்தினது நான்தாங்க. தெரிஞ்சு இல்ல. எனக்கு வலது கண்ணு… பாதிக்கு மேல போச்சு. யார்கிட்டயும் சொல்லல."

அண்ணன் சட்டென்று திரும்பித் தங்கையைப் பார்த்தார். தங்கை மட்டும் அசரவில்லை. "தெரியும். ரெண்டு நாளா டீயக் குடுத்துப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"இங்க வர்றவங்க எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டுட்டு வர்றவங்க சார். முதல்ல சொல்ற ஆளா நான் இருந்ததே இல்ல. பயமா இருந்துச்சு."

"இப்ப இத என்ன பண்றது?" என்றார் அண்ணன் திரையைப் பார்த்து. பட்டறைக்காரர் பெயரில் அவர் பார்வை நின்றது, பிறகு நேரத்தில். 11.40. நாற்காலியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

"திங்கட்கிழமை காலையில நான் தொடறதுக்கு முன்னாடி எடுத்த நகல் இருக்கு. அப்படியே திரும்பக் கொண்டுவந்துடலாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சுட்டியை அண்ணனிடம் கொடுத்து, எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு பச்சைக் கோடு நிதானமாக நிரம்பியது. முன்னூற்று நாற்பது பேரும் 'இன்னும் வராதவர்கள்' ஃபோல்டருக்குத் திரும்பினார்கள். மாஸ்டர் திரும்பிவிட்டாள். அவரும் திரும்பிவிட்டார். பட்டறைக்காரரும், ஒன்றும் நடக்காததுபோல, இரண்டு கண்ணோடும் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு தன் கையால் அதை மட்டும் பிடித்து, மெதுவாக வலது பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

"என்னோடத?" என்று கேட்டார் ஸ்பேர்.

"அங்கயே இருக்கட்டும்" என்றாள் தங்கை. "மிச்சம் இருக்கறதயாவது காப்பாத்த முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கு. முதல்ல வீட்ல போன் போடுங்க."

அவர் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழுத்தினார். எடுக்கவில்லை. அண்ணனும் தங்கையும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மூன்றாவது தடவை, ஆறாவது மணியில் எடுத்தாள்.

"கிளாஸ்ல இருக்கேன்னு தெரியாதா உங்களுக்கு? இங்க ஒருத்தர் ரவுண்டானாவ நேரா ஏறிக் கடக்கப் பாக்கறாரு—"

"வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு."

"ஏன், என்னாச்சு?"

"நிறுத்தச் சொல்லு மாஸ்டர், முதல்ல. அப்புறம் சொல்றேன்."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை அதற்குமேல் பேசவிடவில்லை. "இண்டிகேட்டர் போடுங்க. இடது பக்கம். இடதுங்க! மெதுவா… மெதுவா…" என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. டிக் டிக் என்ற சத்தம். பிறகு இன்ஜின் அடங்கியது. அது அடங்கிய அதே நொடியில், மிக அருகே ஒரு பெரிய வண்டி, காரின் கண்ணாடிகளெல்லாம் அதிர, நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. அதன் பிறகு வெறும் மூச்சுச் சத்தம்.

"கடவுளே…" என்றாள் அவள், மிகத் தாழ்ந்த குரலில். பிறகு, "நிறுத்தியாச்சு. சொல்லுங்க" என்றாள்.

ஸ்பேர் போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். "ஏழு மாசமா உன்கிட்ட ஒண்ணு மறைச்சேன்" என்று தொடங்கினார்.