ஒரு கப் அபிஷேகப் பால்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பன்னிரண்டு ஆண்டுகள் கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்தவன் வேறு. நான் ஒன்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசக்கூடாது என்ற நினைப்பு, கூட்டம் முடிந்த பிறகும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். என் மனைவியின் ஆபரேஷன் அன்று நடந்ததற்கு அந்த நினைப்புதான் காரணம். இதை எழுதத்தான் முடிகிறது. வாய்விட்டு யாரிடமும் இன்றுவரை சொன்னதில்லை.

அவளுக்குப் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பலகாரம் ஏதாவது சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்குவது என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். அவள் அம்மா அப்படித் தங்கப் போனவர், திரும்பி வரவில்லை.

“அன்னிக்கே வந்துரலாமாமுங்க. ஒரு ராத்திரிகூட அங்க இருக்க வேணாம்” என்று எங்கள் ஊர் கோத்தா திங்கிக்குத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நான் பூசாரியிடம் முதல் நாளே சொல்லி, ஐந்தரை மணிக்கு அவள் பெயரில் பாலாபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்திருந்தேன். தீபாராதனை முடிந்ததும் பூசாரி பிளாஸ்டிக் கப்பில் கொஞ்சம் பால் ஊற்றினார். நான் விடவில்லை. “நிறைய ஊத்துங்க சாமி, ஆபரேஷனுக்குப் போறாங்க” என்றேன். கப் நிறைந்தது. வாங்கி அவளிடம் நீட்டினேன்.

“வேணாங்க. பன்னெண்டு மணிக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு மிஸ்ஸி சொன்னுச்சு.” மிஸ்ஸி என்றால் இங்கே மலேசியாவில் நர்ஸ்.

“இது என்ன மைலோவா? சாமி பால் லா. குடி.”

“கண்ணுல ஒத்திக்கிட்டு வச்சிர்றேனே.”

“காலங்காத்தால சாமி முன்னால நின்னுக்கிட்டு வேணாங்கறியா?”

பூசாரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை மடக்கவில்லை. அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தாள். எனக்குப் பரம திருப்தி.

ஆஸ்பத்திரியில் உடை மாற்றி உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்க வந்த மிஸ்ஸி நம் தமிழ்ப் பிள்ளைதான், என் மகள் வயது இருக்கும்.

“ஆன்ட்டி, காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?”

சொல்லாதே என்று நான் பக்கத்தில் நின்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“பால் குடிச்சேம்மா. ஒரு கப்பு.”

“அலமாக், ஆன்ட்டி! எத்தனை மணிக்கு?”

“கொஞ்சந்தான் மிஸ்ஸி, சாமி பால்” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

“எந்தப் பாலா இருந்தாலும் பால்தான் அங்கிள். மயக்கத்துல வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள போயிருச்சின்னா உசுருக்கே ஆபத்து.”

மயக்க மருந்து டாக்டரும் வந்து அதையேதான் சொன்னார். பால் குடித்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும், அப்புறம் ஆபரேஷன் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆறு வாரம் தள்ளி வேறு தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக் கத்தினேன். “ஒரு கப்புப் பாலு. சொல்லாம இருந்தா என்ன கெட்டுப் போவுது? பெரிய அரிச்சந்திரன் பரம்பரை!” குடிக்க வைத்தவன் நான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் கையில் பிளாஸ்டிக் பையில் மாற்று உடை இருந்தது.

“மன்னிச்சிருங்க” என்றாள்.

“சரி, விடு” என்றேன், ஏதோ பெரிய மனது பண்ணி மன்னித்தவன் போல. இன்றைக்கும் குளிக்கும்போதோ கார் ஓட்டும்போதோ அந்த ‘சரி, விடு’ ஞாபகத்துக்கு வந்தால் உடம்பு கூசுகிறது.

வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே மகளுக்குப் போன் போட்டேன். “உங்கம்மா பாலைக் குடிச்சிட்டா. கேன்சல்.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பக்கத்து சீட்டில் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த ஒரு வரி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. நான் எதையும் சேர்க்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

நான்காவது வாரம் ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்து, சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்ததாம். துளை போட்டுப் பார்த்துவிட்டு, முடியாமல், விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எட்டு ராத்திரி அவள் அங்கே இருந்தாள். பெண்கள் வார்டில் ராத்திரி என்னை இருக்க விடவில்லை. பார்வை நேரம் முடிந்து நான் எழுந்திரிக்கும்போதெல்லாம் என் சட்டை நுனியைப் பிடிப்பாள். பிறகு தானே விட்டுவிடுவாள்.

பிழைத்து வந்துவிட்டாள். அது கடவுள் புண்ணியம், என் புண்ணியம் இல்லை.

போன மாதம் அவள் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். மகளும் வந்திருந்தாள். சாப்பிடும்போது மைத்துனன் வழக்கம்போல ஆரம்பித்தான். “அக்காவுக்கு இன்னொரு கப்புப் பால் குடுங்க லா, அடுத்த ஆபரேஷன் வரட்டும்!” எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

“மெய்யாலுமே கேக்கறேம்மா. தெரிஞ்சுக்கிட்டே ஏன் குடிச்சே?”

அவள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, காத்திருந்தாள். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும், அந்த நொடியை எனக்குத் தந்தாள். நான் முருங்கைக்காயைச் சவைத்துக்கொண்டிருந்தேன்.

“தாகமா இருந்துச்சு” என்றாள் மகளிடம்.

முன்பின் தெரியாத மிஸ்ஸியிடம் ஒரு கப் பாலை மறைக்காதவள், பெற்ற பிள்ளையிடம் எனக்காகப் பொய் சொன்னாள். பிறகு வலது பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

“ரசம் ஊத்தவாங்க?”

ஊற்று என்று தட்டை நீட்டினேன்.